கந்தோர்க் காரும் லீசிங் காரும்

வாசலில் ஒரு மோட்டார் வண்டி நின்றால் அக்குடும்பத்திற்கு ஊரில் மதிப்பு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வண்டி யாருடையது? லீசிங் வண்டியாயின், ஓட்டுபவரும் கழுவுபவரும் காப்புறுதி கட்டுபவரும் நம்மவரே. எனினும் கடைசித் தவணை தீரும்வரை உடைமையாளர் நிதிக் கம்பனியே.

இது பலருக்கு 2022ஆம் ஆண்டிலேதான் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரில் மாதம் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. புதிதாக லீசிங் எடுக்க எண்ணியிருந்தோர் பின்வாங்கினர். முன்னரே எடுத்தோருக்கோ பெரும்பாலும் தவணை ஏறவில்லை. ஏறியது அரிசியும் பாணும் மருந்தும். சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

இதிலே ஒரு விசித்திரமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையாற் பழைய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைபோயின. காலத்தோடு விற்றவர் கடனைத் தீர்த்துக் கையிலும் சிறிது வைத்துக்கொண்டார். கௌரவம் பார்த்துத் தவணை தவறியவரிடமிருந்து கம்பனியார் வண்டியை இழுத்துச் சென்றனர்.

கந்தோர்க் காரில் சென்ற உத்தியோகத்தருக்குத் தவணைக் கவலை இல்லை. ஆயினும் ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பின்னர் வந்த கியூஆர் முறையிலே காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். கந்தோர் அலுவலுக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் அதே இருபது. உத்தியோகம் போனவரோ, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ் தரிப்பிடத்திற்கு நடந்தார்.