கால் பிடித்துவிட்டால் ஆம்பிளைத்தனம் குறைந்து போகுமா?



பதிவு கொஞ்சம் நீளம். ஆண்கள் கட்டாயம் வாசியுங்கள். பெண்கள் வாசித்துவிட்டு, மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் போனைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போங்கள்.

போன கிழமை, முன்பு என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். புலமைப்பரிசில் வகுப்பில் முன்வரிசையில் இருந்த சின்னப்பிள்ளை. இப்போது ஏழு மாத வயிறு. கதிரையில் நேராக இருக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாள். இடுப்பு உளைவு, இரவில் கெண்டைக்காலில் நரம்பு இழுப்பு, தூக்கமே இல்லை. "ஆரும் புடிச்சுவிடுறல்லயா புள்ள?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அழத் தொடங்கிவிட்டாள்.

நடந்தது இதுதான். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு மாப்பிள்ளை எண்ணெய் பூசி அவளுடைய காலை உருவிவிட்டிருக்கிறார். கதவு திறந்திருந்தது. வந்த யாரோ கண்டுவிட்டார். அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் அதுதான் கதை. அந்தத் தம்பிக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. (அதை நான் இங்கே எழுதி இன்னும் நூறு பேருக்குப் பழக்கிவிடப் போவதில்லை.) "இப்ப அவர் கிட்டயும் வாறல்ல டீச்சர். வெக்கமாம்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிரவே எழுதியிருப்பேன். நிதானமாக எழுத வேண்டும் என்பதற்காக ஒரு கிழமை விட்டேன். ஆத்திரம் இன்னும் போகவில்லை.

நமது பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் கர்ப்பிணியைப் பார்க்கும் வேலை முழுவதும் அவளுடைய உம்மாவின் தலையில். என்னுடைய இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு, வெண்கட்டித் தூசியோடு வீட்டுக்கு வந்து பாயில் விழுவேன். உம்மா வந்து கால்மாட்டில் இருந்து தேய்த்துவிடுவா. அவவுக்கு அப்போதே சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் தேய்மானம். பாயை விட்டு எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டும். அதே நேரம், ஆரோக்கியமான ஓர் ஆம்பிளை ஹோலில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். அது என் கணவர்தான். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. அது தன்னுடைய வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிளினிக்குக்கு ஒருநாள் கூட வந்தபோது மிட்வைஃப் நேருக்கு நேராகச் சொன்னா: "நீங்க புடிச்சுவிடுங்க, அந்த மனுசிய விடுங்க." அன்றிரவே தொடங்கினார். முதல் நாள் பரோட்டா மா பிசைவது போலத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டார்.

இதில் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு: வயிறு பெருக்கப் பெருக்க உடம்பின் பாரம் முன்பக்கம் போகிறது, முதுகுச் சதை அதை இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. கர்ப்பகாலத்து ஓமோன்கள் இடுப்பு மூட்டுகளின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. வலி வருவது பெண் "சோம்பேறி" என்பதால் அல்ல. அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் 26 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். கிழமைக்கு இரண்டு முறை, முறைக்கு 20 நிமிடம், 5 கிழமை மசாஜ். முதுகு வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து உலகமே மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 2004இல் மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடம் அதே குழு செய்ததைப் பாருங்கள். 16 கிழமையாகப் பிடித்துவிட்டது காசு வாங்கும் தெரபிஸ்ட் இல்லை. அந்தப் பெண்களின் துணைவர்கள்தான். கால் வலியும் முதுகு வலியும் மனச்சோர்வும் குறைந்தன. பிரசவ வலியின் போது தாய் விரும்பினால் மசாஜ் செய்யலாம், சூடு ஒத்தடம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் தனது பரிந்துரைகளில் சேர்த்திருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று இப்போது யோசியுங்கள்.

"நாங்களும்தான் புள்ள பெத்த, எங்களுக்கு ஆரு கால் புடிச்ச?" என்று மூத்த பெண்கள் கேட்பார்கள். மாமி, உங்களுக்கு யாரும் பிடிக்கவில்லை என்பது உண்மை. அது உங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம். அதை மகளுக்கும் மருமகளுக்கும் முதுசமாகக் கொடுக்க வேண்டுமா?

இன்னொன்றும் எனக்கு விளங்குவதில்லை. பிள்ளை பிறந்ததும் நாற்பது நாளும் நாம் செய்யாத செலவில்லை. சரக்கு அரைக்கிறோம், வேது வைத்துக் குளிக்க வார்க்கிறோம், ஆள் பிடித்து எண்ணெய் தேய்க்கிறோம். பார்க்க வருபவர்களுக்கும் அது தெரிய வேண்டும். அதற்கு முந்திய ஒன்பது மாதத்தில் அதே முதுகை யாரும் தொட்டும் பார்ப்பதில்லை.

மார்க்கத்தைக் காட்டி வெட்கம் பேசுபவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, மௌலவிமார் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாருக்கு வேலை செய்துகொடுப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. ஜும்ஆவில் நாம் எத்தனையோ தடவை கேட்ட செய்திதான். தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனமாகச் சுமந்ததைச் சொல்லும் சூரா லுக்மானை ஓதிவிட்டு, அந்தப் பலவீனம் பக்கத்து அறையில் முனகிக்கொண்டு கிடக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வதுதான் எனக்கு வெட்கமாகத் தெரிகிறது.

இப்போது மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே "டீச்சர் எழுதினா" என்று யாராவது வயிற்றை உருவத் தொடங்கிவிடுவார்கள்.

வயிற்றை உருவவே கூடாது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருப்பிவிடுகிறேன் என்று எந்த அனுபவசாலி வந்தாலும் விடாதீர்கள். அழுத்துவதில் நஞ்சுக்கொடி கழன்று இரத்தம் போனால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். கால் கீழே இருக்கும் பிள்ளையை டொக்டர்மாரும் வெளியிலிருந்து திருப்புவார்கள்தான். ஆனால் அது கடைசி மாதமளவில், ஸ்கேன் பார்த்து, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனித்து, தேவைப்பட்டால் உடனே ஒபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரியில். பாயில் போட்டு அல்ல.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்க வேண்டாம். கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. நாளத்தில் கட்டி இருந்தால் தேய்ப்பதில் அது கழன்று நெஞ்சுக்குப் போகலாம். நேரே ஆஸ்பத்திரி. முகமும் கையும் திடீரென்று ஊதி, தலையிடி, கண் மங்கல் என்றால் அதை "நீர் வீக்கம்" என்று எண்ணெய் பூசி உருவிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பிரஷர் பாருங்கள். இரத்தக்கசிவு இருப்பவர்கள், பிரஷர் உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள் கிளினிக்கில் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. எரிவுத் தைலங்களும் கேட்டுவிட்டுத்தான்.

இப்போது "கர்ப்பகால மசாஜ், நோர்மல் டெலிவரி உறுதி" என்றும் விளம்பரம் வருகிறது. அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. அந்தக் காசுக்குப் பழமும் மீனும் வாங்குங்கள்.

வீட்டில் செய்வது லேசு. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம், இடது பக்கம் சரித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. தேங்காயெண்ணெயைக் கைச்சூட்டில் வைத்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக மேல்நோக்கி. எலும்பின் மேல் அழுத்த வேண்டாம். பிறகு தோள், பாதம். இருபது நிமிடம் போதும். நரம்பு இழுத்தால் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி மடித்துப் பிடியுங்கள், விட்டுவிடும். அவள் "நோகுது" என்றால் நிறுத்துங்கள். "போதும்" என்றாலும்தான்.

அந்தப் பிள்ளையின் மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், அவரும் இதை வாசிப்பார். காக்கா, உங்கள் பெயர் என் வாயில் வராது. நீங்கள் தொடங்கியதை நீங்களே அந்தக் கடையில் நிறுத்திவிடுங்கள். அவளுக்குப் பிள்ளை கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.