தராசுக்கு விழுந்த வாக்கு

புத்தளம் மாவட்டத்து மதுரங்குளி போன்ற ஊரில் வேட்பாளர் மெய்யானவரா என்பதை மேடைப் பேச்சு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த ஊர், யார் உறவு, மையத்து வீட்டுக்கு வந்தாரா என்பதெல்லாம் கணக்கில் சேரும். கட்சிக்குப் புள்ளடி இட்டபின் அதன் வேட்பாளர் மூவருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பதால், ஆளைப் பற்றிய மதிப்பீடும் வாக்குச்சீட்டில் தனியாகப் பதிவாகிறது.

புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் நாடாளுமன்றத்துக்கு நேரடியாகத் தெரிவாகி மூன்று தசாப்தம் கடந்துவிட்டது என்ற ஆதங்கமே 2020இல் தராசுச் சின்னத்தின் கீழ் மக்களை ஒன்று சேர்த்தது. அலி சப்ரி ரஹீம் தெரிவானார். அதே ஆண்டு அக்டோபரில், அவரது கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களித்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்தை அவர் ஆதரித்தார். 2023 மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரிடம் 3 கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும் பிடிபட்டன. சுங்கம் 75 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. நம்மவர் என்ற உணர்வு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அது நாணயத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

எளிமைக்கும் அதே விதிதான். 2024 நவம்பரில் இம்மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 6ஐ எளிமையை முன்னிறுத்திய தேசிய மக்கள் சக்தி வென்றது. அடுத்த மாதமே, கலாநிதிப் பட்டத்துக்கு ஆவணம் காட்ட முடியாத அக்கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற சபாநாயகர் அசோக ரன்வல பதவி விலகினார்.

தோற்றத்தை விட ஆவணமே நம்பத்தக்கது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதை வாக்காளர் கேட்டுப் பார்க்க வேண்டும்.