நால்வரில் சிறந்தவர் யார்?

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும் ‘டிராஃப்ட்’ நெருங்கும்போதெல்லாம் டேக்கில்களின் தரவரிசைப் பட்டியல்கள் பெருகுகின்றன. அவ்விளையாட்டை அறியாத நண்பர்களுக்காக: டேக்கில் பந்தைத் தொடுவதே அரிது. பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருவோரைக் காவல்வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பதே அவர் பணி. இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர். இவ்விரு புறங்களையும் ஒன்றெனக் கருதி அனைவரையும் ஒரே ஏணியில் நிறுத்துவதே அப்பட்டியல்களின் முதற்குறை என்பேன்.

2020-ஆம் ஆண்டை நோக்குக. ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ தாமஸ், அலபாமாவின் ஜெட்ரிக் வில்ஸ், லூயிவில்லின் மெக்காய் பெக்டன், அயோவாவின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் ஆகிய நால்வருள் எவர் முதல்வர் என்பதே அன்றைய வழக்கு. பெருந்தொற்றால் நேர்முகச் சந்திப்புகள் நின்றுபோயின; எனவே பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் எடுக்கப்பட்ட அளவைகள் மேலும் கனத்தன. 364 பவுண்டு எடையுள்ள பெக்டன் 40 கஜத்தை 5.10 விநாடியில் ஓடினார். வர்ஃப்ஸோ 4.85. வியக்கத்தக்க எண்கள்தாம், ஐயமில்லை. ஆனால் காவல்பணியில் எவரும் 40 கஜம் ஓடுவதில்லை.

தாமஸ் 4-ஆம் இடத்திலும், வில்ஸ் 10-ஆம் இடத்திலும், பெக்டன் 11-ஆம் இடத்திலும், வர்ஃப்ஸ் 13-ஆம் இடத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இது வெறும் மதிப்புச் சிக்கலன்று. 2011-இன் ஒப்பந்தத்திற்குப் பின் புதுவரவுகளின் ஊதியம் தேர்வு வரிசையோடு பிணைக்கப்பட்டுள்ளது. நான்காமவர் பெற்ற தொகை பதின்மூன்றாமவர் பெற்றதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

வில்ஸின் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. அலபாமாவின் குவாட்டர்பேக் துவா டாகோவைலோவா இடக்கையர். ஆதலால் அவர் பார்வைக்கு எட்டாத பக்கம் வலப்புறமே. அதைக் காத்தவர் வில்ஸ். கிளீவ்லாந்து அணியில் வலப்புறம் ஜாக் கான்க்ளின் முன்பே ஒப்பந்தமாகியிருந்ததால் வில்ஸ் இடப்புறத்திற்கு மாற்றப்பட்டார். பின்வைக்கும் கால், முன்நீளும் கை, உடல் திரும்பும் திசை அனைத்தும் தலைகீழாயின. வலக்கை மட்டையாளரை இடக்கையால் ஆடச் சொல்வதைப் போன்ற கொடுமை அன்று எனினும், சிறுமாற்றமும் அன்று. வர்ஃப்ஸ் தாம் பழகிய வலப்புறத்திலேயே டாம் பிரேடியைக் காத்து முதலாண்டிலேயே சூப்பர் பவுல் வென்றார்.

அதே வர்ஃப்ஸ் 2023-இல் இடப்புறம் மாறியும் சிறந்தாரே எனலாம். உண்மை. ஆயின் அது தொழில்முறைக் களத்தில் மூன்றாண்டுகள் தேறிய பின்னர். முதலாண்டில் தடுமாறிப் பழிக்கப்பட்ட தாமஸும் 2022-இல் முன்னணி வீரராக உயர்ந்தார். முழங்காற் காயங்களால் முடங்கிய பெக்டன், 2024-இல் பிலடெல்பியாவில் டேக்கில் இடத்தை விட்டு வரிசையின் உட்புறமான கார்டு இடத்தில் ஆடிக் கோப்பை வென்றார். ஏப்ரலில் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு இவற்றுள் எது விடை?

2025-இல் விவாதம் வில் கேம்பலின் கைநீளத்திற்கு மாறியது. இண்டியானாபொலிஸில் 32⅝ அங்குலம். சில வாரங்களில் அவர்தம் கல்லூரியில் 33. கை வளர்ந்ததோ, அளவுநாடா சுருங்கியதோ! நியூ இங்கிலாந்து அணி அவரை 4-ஆம் இடத்தில் தேர்ந்து, கல்லூரியில் அவர் நின்ற இடப்புறத்திலேயே நிறுத்தியது. அத்தேர்வில் நான் மதிப்பது இப்பிற்பகுதியை.