அது விளையாட்டு அல்ல, வாசிப்பு

'விஷுவல் நாவல்' என்று பிள்ளைகள் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தோன்றுவது இரண்டுதான். ஒன்று வீடியோ கேம், இல்லையென்றால் ஆபாசப் படக்கதை. "பரீட்சை நேரத்தில் கம்ப்யூட்டரில் என்ன விளையாட்டு?" என்று அதட்டிவிட்டுப் போகிறோம். ஐந்து நிமிடம் பின்னால் நின்று பார்த்தால் தெரியும், சுடுவதும் துரத்துவதும் அங்கே இல்லை. ஓர் ஓவியம், மெல்லிய இசை, கீழே வரிவரியாக எழுத்து. பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது! சிலவற்றைப் படித்து முடிக்க 50 மணி நேரம்கூட ஆகும்.

ஜப்பானில் வளர்ந்த வடிவம் இது. 1994-இல் வந்த 'கமாய்தாச்சி நோ யோரு'வை எழுதிய அபிகோ டகெமாரு, துப்பறியும் நாவலாசிரியர். பனியில் அகப்பட்ட விடுதியில் ஒரு கொலை. யார் செய்தது என்று வாசகர் கண்டுபிடிக்கத் தவறினால் அடுத்தடுத்துப் பிணங்கள் விழும். வாசகர் இஷ்டப்படி கதை போனால் ஆசிரியர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எந்த வழியில் போனாலும் அது அவர் முன்பே எழுதி வைத்த வழிதானே? 2002-இல் தொடங்கிய 'ஹிகுராஷி' தொடரில் வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது.

ஆபாச பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். வயது வந்தோருக்கென்றே விற்றவை ஏராளம். பார்த்து வாங்கித் தருவது பெற்றோர் பொறுப்பு. அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடலாமா?

2004-இல் வந்த 'கிளன்னாட்' ஒரு குடும்பக் கதை. 2015-இல் ஆங்கிலத்திலும் வந்தது. மனைவியை இழந்து குடியில் விழுந்த அப்பா. ஒரு சண்டையில் அவரால் தோளில் அடிபட்டு, கூடைப்பந்து ஆட முடியாமல் போன மகன். ஒரே வீட்டில் அந்நியர்கள். பின்னால் மகனும் பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுக்கிறான். குழந்தையை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு ஐந்து வருஷம் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் அப்பா தனியாளாக என்ன பாடுபட்டுத் தன்னை வளர்த்தார் என்பதைக் கடைசியில் பாட்டி சொல்லித்தான் கேட்கிறான். இந்தப் பகுதி எடுத்த எடுப்பில் திறக்காது. மற்ற பாத்திரங்களின் கதைகளையும் திரும்பத் திரும்ப வந்து படித்தவருக்கே திறக்கும். அச்சுப் புத்தகத்தில் இப்படிச் செய்ய முடியுமா, தெரியவில்லை.

டிரான்ஸ்ஃபர், ஷிஃப்ட் என்று ஓடும் நம் அப்பாக்களுக்கும், அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. அதட்டுவதற்குப் பதில், "இதில் யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்விட்டு ஊர் வந்த வீட்டில், அந்தப் பதில் தமிழில் வரும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. இவற்றை உருவாக்க 'ரென்பை' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பொங்கல் கட்டுரைப் போட்டியில் அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிப்பதை எத்தனை வருஷம்தான் கைதட்டிக் கேட்பது? அடுத்த முறை கதையும் படமுமாக ஒன்றை அவர்களே செய்து கொண்டுவரட்டும். நடுவர்களாக உட்கார அப்பாக்கள் வரவேண்டும்.