ஒரே 'ணும்', இரண்டு அர்த்தம்



எங்கள் கருவடிக்குப்பத்து வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். என் இங்கிலீஷில் தப்பு வந்தால் வீட்டில் திருத்த ஆளில்லை.

இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு நாள், லேத்தில் சக் கீயை எடுக்காமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். கீ பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'ஆபரேட்டர் சக் கீயை எடுத்திருக்கணும்' என்று மனசில் நினைத்து, டைரியில் 'மஸ்ட் ஹேவ் ரிமூவ்டு' என்று எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "ஏம்பா, எடுத்துட்டார்னு எழுதியிருக்கியே, அப்ப பறந்தது எது?" என்றார்.

'மஸ்ட் ஹேவ்' என்றால் நிச்சயம் எடுத்திருப்பார் என்ற ஊகம். 'ஷுட் ஹேவ்' என்றால் எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. ஒரு வார்த்தையில் தப்பு யார் மேல் என்பதே மாறிப்போச்சு.

இதை நம்முடைய மந்தபுத்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா, "ஆறு மணி பஸ் இந்நேரம் போயிருக்கணும்" என்கிறாள். அது ஊகம். அடுத்த மூச்சில், "நீ அதுலேயே போயிருக்கணும்" என்கிறாள். அது திட்டு! குரலை வைத்து நமக்குப் புரிகிறது. காகிதத்தில் குரல் ஏது? 'லாம்' கூட அப்படித்தான். 'வந்திருக்கலாம்' என்பது, வந்தாரோ என்னவோ என்றால் 'மைட் ஹேவ்'. முடிந்தும் வரவில்லை என்றால் 'குட் ஹேவ்'.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் எங்கள் தெருத் தாத்தாவிடம் கேட்டேன். ஊகத்துக்கு 'அ த்யூ', செய்யாமல் விட்டதற்கு 'ஓரே த்யூ' என்றார். அங்கேயும் இரண்டு!

பாதி வேலை நம்மிடமே இருக்கிறது. 'எடுத்திருக்க' என்பதில் உள்ள 'இருக்க' செய்வதைத்தான் 'ஹேவ்' செய்கிறது. (வேகமாகப் பேசினால் அது 'ஆஃப்' மாதிரி கேட்கும். இங்கிலீஷ்காரர்களே அப்படி எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.) இதைத் தமிழில் சொன்னால் பத்து நிமிஷத்தில் விளங்கும். ஃபார்முலாவாகப் போர்டில் எழுதிப்போட்டு, இங்கிலீஷ் பீரியடில் தமிழே கூடாது என்றால் மனப்பாடம்தான் மிஞ்சும். அது பரீட்சைக்கு ஆகும், ஷாப் ஃப்ளோருக்கு ஆகாது. சங்கம் மாலை வகுப்பு ஒன்று தொடங்கினால், ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அதுவரை, 1908-ல் புதுவைக்கு வந்த பாரதியார் உலாவிய எங்கள் குயில் தோப்புப் பக்கம், ஞாயிறு காலையில் நாங்கள் நாலு பேர் நோட்டோடு உட்காருகிறோம். வர்றவங்க வரலாம்.