பாடுறது ஆர், வாயசைக்கிறது ஆர்?

காலமாகிவிட்ட ஒரு பாடகரின் பெயரைச் சொல்லி ரிக்கற் விற்பவர்கள் ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொல்லவேணும்: மேடையில உண்மையிலேயே ஆராவது பாடுவாங்களா? இந்தச் சீசனில் நிலாவெளியில் நடந்த எஸ்.பி.பி. நினைவு இசை இரவு ஒன்றுக்குப் போய்வந்த பிறகுதான் கேட்கிறோம். பகிடிக்குக் கேட்கவில்லை.

போஸ்டரில் எஸ்.பி.பி.யின் பெரிய படம். கீழே ‘அச்சு அசல் அதே குரல்’ என்று ஒரு வரி. வேசம் போட்டு வரப்போகிறவரின் பேரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேடவேணும். ஆளுக்கு 2,000 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. சனம் பிள்ளைகுட்டியோடு குடும்பமாக வந்து மணலில் குந்தியிருந்தது. கோட்டு, தாடி, கண்ணாடி, அந்தச் சிரிப்பு எல்லாம் அச்சொட்டாக இருந்தது. மூன்றாவது பாட்டில் அவர் மைக்கை இடுப்புக்கு இறக்கி, முன்வரிசைக் குழந்தை ஒன்றுக்குக் கைகொடுத்தார். குரல் மட்டும் நிற்கவே இல்லை! அடுத்து, 1990இல் வந்த ‘கேளடி கண்மணி’ படத்தின் அந்த மூச்சுவிடாப் பாட்டு. மனுசன் மூச்சே செலவழிக்காமல் அதை முடித்தார். பின்னால் நின்ற கீபோர்ட்காரரின் விரலுக்கும் வந்த சத்தத்துக்கும்கூடச் சம்பந்தம் இல்லை. யூடியூப்பில் சும்மா கிடைக்கிற ஒலிப்பதிவைத்தான் நாங்கள் காசு குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

‘நகல் எண்டு தெரிஞ்சுதானே வந்தீங்க?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஓம், தெரிஞ்சுதான் வந்தோம். இன்னொருவரைப் போலப் பாடுவது கேவலமான தொழில் என்று நாங்கள் நினைக்கவில்லை. எஸ்.பி.பி.யே அதில் பெரிய கெட்டிக்காரர். 1969இல் ‘அடிமைப்பெண்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார்; பிறகு எந்த நடிகருக்குப் பாடினாலும் அந்த நடிகரின் சாயலைத் தன் தொண்டைக்குள் கொண்டுவந்தார். கமல்ஹாசனின் தமிழ்ப் படங்கள் தெலுங்குக்குப் போனபோது கமலுக்குக் குரல் குடுத்ததும் அவர்தான். ‘காந்தி’ படம் தெலுங்கு பேசியபோது காந்திக்குக் குரல் குடுத்ததும் அவர்தான். இன்னொருவர் மாதிரி ஒலிக்க எவ்வளவு உழைப்பு வேணும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு அஞ்சலி என்று சொல்லி, உழைப்பை வீட்டில் விட்டுட்டுக் கோட்டையும் தாடியையும் மட்டும் கொண்டுவந்து காட்டுறது என்ன நியாயம்? அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி வேசக்காரர்களுக்கு, எல்விஸின் நிறுவனமே 2007 முதல் போட்டி வைக்கிறது. அங்கேயும் கோட்டும் கிருதாவும் உண்டு. ஆனால் பாடித்தான் வெல்லவேணும். எங்கட மேடையில் அந்த மனுசன் சுருதி விலகியாவது சொந்தக் குரலில் பாடியிருந்தால், நாங்கள் எழும்பி நின்று கைதட்டியிருப்போம்.

குரல் என்பது கேட்பாரற்றுக் கிடக்கிற சொத்து இல்லை. 2024 தொடக்கத்தில், ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி அனுமதியின்றிப் பாவித்ததற்காக, மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவித்தல் அனுப்பினார். அதே நாட்களில், ‘லால் சலாம்’ படத்துக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் அந்த வழியில் உருவாக்கிய ஏ.ஆர். ரகுமான், குடும்பங்களிடம் அனுமதி வாங்கி உரிய பணமும் குடுத்ததாகச் சொன்னார். இறந்தவரின் குரலை எடுக்கலாமா கூடாதா என்று இன்னும் சண்டை பிடிக்கலாம். ஆனால் அனுமதி, கூலி, வெளிப்படை என்ற மூன்றும் அங்கே பேச்சுக்காவது வந்துவிட்டன. எங்கட கடற்கரை மேடைக்கு மட்டும் ஏன் வரவில்லை? ‘இந்தச் சனத்துக்கு இது காணும்’ என்ற நினைப்புத்தான்.

எங்களுக்கு ஆத்திரம் வருவதே அந்த நினைப்பில்தான். பாட்டு என்றால் அக்கரையிலிருந்து இறக்கவேண்டிய சாமான் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சனமே இலங்கை வானொலியைத் தேடிப்பிடித்துக் கேட்டது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இங்கிருந்து அங்கே போனது. திருகோணமலைக்காரர் எம்.பி. பரமேஷ் 1970களிலேயே சொந்தமாகப் பொப் பாடல்கள் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். நிலாவெளியிலிருந்து டவுன் 15 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் எங்கட வயசுப் பெடியள், பெட்டையளில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

அன்றைக்கும் உள்ளூர் இசைக்குழு ஒன்று வந்திருந்தது. ‘சேர்’ கோட்டு மாத்திற இடைவெளியை நிரப்ப 15 நிமிசம் குடுத்தார்கள். ஒரு தங்கச்சி பரமேஷின் பாட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டாம் சரணத்தில் குரல் பிசிறியது. ட்றம்ஸ் அடிச்ச பெடியன் அவளைப் பார்த்துத் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப்பிடித்தான். அவள் மூச்செடுத்துக்கொண்டு திரும்பவும் சேர்ந்துகொண்டாள். ஒலிப்பதிவு ஒருநாளும் ஒருத்தருக்காக அப்படிக் காத்திருக்காது. கடைசி வரிசையில் இருந்த ஐயாமார் கூடச்சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். பாட்டு முடிய முதலே கையைக் காட்டி அவர்களை இறக்கிவிட்டார்கள். கூலியாகக் கிடைத்தது சாப்பாட்டுப் பார்சலும் சோடாவும்.

ஏற்பாட்டாளர்களே, போஸ்டரில் பாடுகிறவரின் பேரைப் பெரிசாப் போடுங்க. பாடப்போறதில்லை என்றால் அதையும் போடுங்க. உள்ளூர் இசைக்குழுவுக்கு ஒரு முழு மணித்தியாலமும், பேசித் தீர்மானித்த காசும் குடுங்க.

இதை வாசிக்கிற நீங்கள், ரிக்கற் வாங்க முதல் போன் அடிச்சு ‘ட்ராக்கா, லைவ்வா?’ எண்டு கேளுங்க. மழுப்பினால் காசை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வையுங்க. அடுத்த கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் உங்கட ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிடுங்க. பிழைவிட்டாலும் அவங்களே பாடட்டும்.