பூட்டிய பெட்டிக்கு இடம் தரலாமா?

2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பசுவந்தனை போன்ற கரிசல் கிராமங்களின் ஏழை மாணவர் கைக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. லினக்ஸின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். கட்டற்ற மென்பொருள் என்பது இதுதான். பல நாட்டு உழைப்பாளிகள் சேர்ந்து கட்டிய பொதுச் சொத்து அது.

இந்தப் பொதுச் சொத்தில், வெளிக் கம்பெனிகள் மூல நிரலை மறைத்து, கம்பைல் செய்து முடித்த வடிவில் மட்டும் தரும் பிளக்-இன்களைப் பொருத்த வசதி செய்து தரலாமா? இது பட்டணத்து எஞ்சினீயர்களின் தகராறு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஊரார் கூடி வெட்டிய கிணற்றில் ஒருவர் பூட்டிய பெட்டிக்குள் மோட்டார் வைத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வருகிறது; சந்தோஷம்தான். மோட்டார் நின்றால் சாவி யாரிடம்? கிணறு ஊருடையது, தண்ணீரோ சாவிக்காரன் தயவில்.

இது வெறும் உவமையல்ல. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி திறந்த மென்பொருள். அதில் ஓடிய ஃப்ளாஷ் பிளக்-இன் அடோபி கம்பெனியின் மூடிய சரக்கு. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. அதை நம்பிச் செய்த பாடங்களும் படங்களும் முடங்கின. லினக்ஸிலும் இதே தொல்லை உண்டு. கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். டிரைவரின் மூல நிரல் கெர்னலோடு சேர்ந்திருந்தால், மாற்றம் செய்கிறவர்களே அதையும் திருத்திவிடுவார்கள். மூடிய டிரைவரானால் கம்பெனி மனம் வைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

அப்படியானால் அடியோடு தடுத்துவிடலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய வாதத்திற்கும் ஆதாரம் உண்டு. 1980களின் இறுதியில் நெக்ஸ்ட் கம்பெனி, ஜி.சி.சி. என்னும் கட்டற்ற கம்பைலரோடு தனது ஆப்ஜெக்டிவ்-சி பகுதியை மூடிய வடிவில் சேர்க்க முயன்றது. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, உரிமம் அதற்கு இடம் தராது என்று உறுதியாக நின்றது. நெக்ஸ்ட் மூல நிரலைக் கொடுத்தது. உறுதி பலன் தந்தது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே அச்சத்தால் ஜி.சி.சி.யில் பிளக்-இன் வசதியே பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு ஆராய வந்தவர்களும் வாசலில் நிற்க நேர்ந்தது. இதற்கிடையே எல்.எல்.வி.எம். என்ற போட்டிக் கம்பைலர் வளர்ந்தது. 2005 முதல் ஆப்பிள் கம்பெனி அதற்குப் பின்பலமாயிற்று. அதன் நிரலை எடுத்து மூடி விற்பதற்கும் அதன் உரிமம் இடம் தருகிறது. கதவை அடைத்தால் மட்டும் பொதுச் சொத்து வளர்ந்துவிடாது.

முடிவில் வழி கண்டவர்களும் அவர்களே. 2009 ஜனவரியில் உரிமம் திருத்தப்பட்டது. ஜி.சி.சி.யின் துணை நூலகங்களை மூடிய மென்பொருளோடு இணைக்க ஒரு சலுகை உண்டு; கட்டற்றதல்லாத பிளக்-இன்னைப் பொருத்திக் கம்பைல் செய்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று எழுதினார்கள். இப்படி வேலி போட்ட பிறகே, 2010இல் வந்த 4.5ஆம் பதிப்பில் கதவைத் திறந்தார்கள்.

நமது அபிப்பிராயமும் இதுவே: கதவு இருக்கட்டும், நிபந்தனையும் இருக்கட்டும். மூடிய பிளக்-இன் இல்லாமலே மென்பொருளின் அடிப்படை வேலைகள் நடக்க வேண்டும். எது மூடியது என்பது உபயோகிப்பவருக்குத் தெரிய வேண்டும். மூடிய மாட்யூல் ஏறினால் லினக்ஸ் கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்கிறதே, அதுபோல. கம்பெனிக்காகப் பொதுப் பகுதியை மாற்றாமல் முடக்கிவைக்கவும் கூடாது.

இவையெல்லாம் மென்பொருள் எழுதுவோரின் கடமை. வாங்குவோருக்கும் கடமை உண்டு. என்விடியா போன்ற பெரிய கம்பெனியே நெடுங்காலம் மூடிவைத்திருந்த லினக்ஸ் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை 2022 மே மாதம் வெளியிட்டது. ஆகவே இது நடவாத காரியமல்ல. பள்ளிக்கும் அரசு அலுவலகத்திற்கும் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ வாங்கும்போது, டிரைவரின் மூல நிரலும் கட்டற்ற உரிமத்தில் தரப்பட வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கும் பொருளுக்கு ஜனங்கள் சாவி கேட்பது நியாயமே. நமது ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தக் கோரிக்கையை இன்றே எழுப்ப வேண்டும்.